இருபத்தேழு

வெளியே மைனஸ் பதினெட்டு. ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
சவுனாவுக்குள் எண்பத்தைந்து டிகிரி,
மூன்று படிகளில் ஒன்பது பேர்,
நீச்சலுடையும் வியர்வையுமாக.
பேச்செல்லாம் ராஸ்திலாவைப் பற்றி.

செய்தி எல்லோருக்கும் மனப்பாடம்.
ஆட்டம் முடிந்த இரவு, ரயில் நிலைய வாசலில்,
நம் ஐஸ் ஹாக்கி அணியின் இருபத்தேழாம் எண்
ஒரு டாக்ஸி ஓட்டுநர் மேல் கைநீட்டிவிட்டான்.
'நாற்பத்தொன்பது வயது ஓட்டுநர்',
அவரைப் பற்றி அவ்வளவுதான் போட்டிருந்தார்கள்.
ராஸ்திலாவுக்குப் படம் இருந்தது,
உயரம், எடை, இந்தப் பருவத்தின் கோல் கணக்கு,
அவன் நாய்க்குட்டியின் பெயர்கூட இருந்தது.

"நான்கு ஆட்டம் தடையாம், போதவே போதாது.
என் அலுவலகத்தில் ஒருத்தன் இதைச் செய்திருந்தால்
நான்கு மணி நேரத்தில் சீட்டைக் கிழித்திருப்பார்கள்."
இது மார்கெத்தா.
"பனித்தளத்தில் அடித்தால் எழுந்து நின்று கைதட்டுகிறோம்,
வாசலைத் தாண்டி அடித்தால் குற்றமா?"
இது தௌனோ, அவள் கணவன்.
இருவரும் ஒரே காரில் வந்தவர்கள்,
ஒரே காரில் திரும்பவும் வேண்டும்.
இல்போவுக்கு எல்லாமே பேரம்தான்:
"அடுத்த வருடம் ஸ்வீடனுக்குப் போகிறவன்.
விலையைக் குறைக்க யாரோ கிளப்பிவிட்டது."

ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் அகப்பைத் தண்ணீர்.
கற்கள் சீறின. ஆவி வந்து காதைக் கடித்தது.

நானும் சொன்னேன்.
பதினோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
என் தொப்பியைப் பறித்துக் கால்வாயில் எறிந்தவன் உண்டு,
சில்லறைக்காக என் முகத்தில் துப்பியவள் உண்டு.
இருந்தும் சொன்னேன்:
"அந்த ஓட்டுநர் வாயை விட்டிருப்பான்.
சும்மா இருக்கிறவனை யார் அடிக்கப்போகிறார்கள்?"

மூன்று வருடத்துக்கு முன்பு, ஏழாவது ஆட்டம்,
கூடுதல் நேரத்தில் பதினாறாம் நிமிடம்,
நீலக் கோட்டிலிருந்து ராஸ்திலா அடித்த அடி.
அன்றைக்கு முன்பின் தெரியாத ஓர் ஆளைக்
கட்டிக்கொண்டு அழுதேன்.
விவாகரத்துக்குக்கூட அப்படி அழவில்லை.
அந்தக் கடன் இருக்கிறது எனக்கு.
சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது.

அடுப்புக்கு அருகே, கீழ்ப்படியில்,
அதுவரை வாய் திறக்காத ஒருவர் கேட்டார்:
"சனிக்கிழமை அவன் இடத்தில் யாரை இறக்குவார்கள்?
அந்தச் சின்னப் பையனையா?
இடப்பக்கம் திரும்பவே தெரியாதவன்.
தோற்றுத்தான் போவோம்."

தௌனோ உற்சாகமாகிவிட்டான். இல்லை, பையன் தேறுவான் என்றான்.
அவர் அகப்பையை எடுக்கத் திரும்பினார்.
சின்ன ஜன்னலின் வெளிச்சம் விழுந்தது.
இடது கன்ன எலும்பின் மேல்
பழுத்த மஞ்சள், ஓரமெல்லாம் பச்சை,
சூட்டில் மறுபடியும் சிவந்துகொண்டிருந்தது.

நாற்பத்தொன்பது இருக்கலாம்.
கதவில் இடித்துக்கொண்டிருக்கலாம்.
பனியில் வழுக்கி விழாதவர் இந்த ஊரில் யார்?
ஒருவரும் கேட்கவில்லை.
மார்கெத்தா தன் முழங்காலைப் பார்த்தாள்.
இல்போ இருமினான்.

அவர் ஊற்றினார், ஒரு கருத்துமில்லாமல்.

பிறகு எழுந்து கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டார்.
நம் அணியின் தொப்பி,
சின்னம் பாதி பிய்ந்தது.
ஏரியில் வெட்டிய துளைக்குள்
கம்பியைப் பிடித்துக் கழுத்துவரை இறங்குவதைப் பார்த்தோம்.
நெடுநேரம் ஏறவில்லை.
உள்ளே எட்டுப் பேரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுக்கு வந்து ஜெர்சியைத் துவைத்தேன்.
அழுக்கில்லை, இருந்தும் துவைத்தேன்.
இரவெல்லாம் பால்கனியில் கிடந்து
காலையில் பலகையாகியிருந்தது.
கொண்டுவந்து சமையலறைச் சுவரில் சாய்த்தால்
தானாகவே நின்றது:
தலையில்லை, முதுகில் இருபத்தேழு,
இரண்டு கைகளையும் நீட்டியபடி.

ஐந்து பத்துக்கு என் முதல் வண்டி.
உருகும்வரை பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.